சீரமைந்த நகரும் மறந்த மாந்தரும்

‘மறுமலர்ச்சி’ என்னும் சொல்லை நாம் எளிதில் வழங்கிவிடுகிறோம். கொழும்புக் கோட்டையில் ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மருத்துவமனை 2011இல் உணவகங்களும் கடைகளும் கொண்ட வளாகமாயிற்று. கட்டடத்தைக் காத்தமை பாராட்டுக்குரியதே. அருகே, கடலை நிரப்பிப் பெற்ற 269 ஹெக்டயர் நிலத்தில் துறைமுக நகர் எழுகின்றது. இரண்டொரு நாள் பண்பாட்டுச் சுற்றுலா வருவோர் பெரும்பாலும் இவற்றைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர்.

ஆயின், துறைமுகத்தில் மூட்டை சுமந்த தொழிலாளரின் கொட்டாஞ்சேனை எங்கே? 1983 ஜூலையில் தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையான வெள்ளவத்தை எங்கே? அங்கே மக்கள் சாம்பலை அகற்றித் தம் கடைகளை மீண்டும் திறந்தனர். மறுமலர்ச்சி என்பது அதுவன்றோ! சுவரைக் காத்து மாந்தரை மறக்கும் மரபுப் பேணல் வெறும் அலங்காரமே. கோட்டையைக் கண்டவர் இவ்விரு பகுதிகளுக்கும் செல்லட்டும். அப்பொழுதே கொழும்பைக் கண்டவராவர்.