நந்தினியை அனுப்பியது யார்?

'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தை வெளியான வாரத்திலேயே, 2023 ஏப்ரல் கடைசியில், புதுச்சேரியில் ஒரு மாலைக்காட்சியில் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, மருமகளோடு வந்திருந்தார். படம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். இளவரசன் ஆதித்த கரிகாலனும், கோயிலை ஒட்டி வளரும் அநாதைச் சிறுமி நந்தினியும் பார்த்துக்கொள்கிறார்கள், காதலிக்கிறார்கள். பிறகு அவள் அந்த ஊரிலேயே இல்லை. அந்த அம்மா மருமகளிடம் கேட்டார்: "யாரு அனுப்புனது அந்தப் பொண்ண?"

"அரமனைலதான் அத்த."

"அரமனைன்னா யாரு?"

மருமகள் பதில் சொல்லவில்லை. படமும் அந்தக் கேள்வியில் அதிகம் நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பின் வரும் அத்தனைக்கும் அந்தத் துரத்தல்தான் காரணம். நந்தினி ஏன் கிழவர் பழுவேட்டரையரின் மனைவியானாள், கரிகாலன் ஏன் போர்க்களத்திலேயே குடியிருக்கிறான், கடம்பூருக்கு ஏன் போகிறான் என்று எதைக் கேட்டாலும் விடை அங்கேதான் போய் நிற்கிறது.

பழிவாங்கும் கதையின் இரண்டாம் பாகத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. அடி விழுந்தாயிற்று, சபதமும் முடிந்துவிட்டது. இனி நிறைவேற்றுவதுதான் பாக்கி. அதனால் பல படங்கள் பின்னோக்கிப் போய், முதல் பாகத்தில் சொல்லாமல் விட்ட காயத்தைத் திறந்து காட்டும். 2004இல் வந்த 'கில் பில்' இரண்டாம் பாகமும் இதைத்தான் செய்கிறது. காரோட்டிக்கொண்டே நம்மைப் பார்த்து, கடைசி ஆளைக் கொல்லப் போகிறேன் என்கிறாள் நாயகி. பிறகு திருமண ஒத்திகை நடந்த தேவாலயத்துக்குப் படம் திரும்புகிறது. ஆண் இயக்கிய படம்தான். ஆனாலும் தன் கணக்கை அவளே நம்மிடம் சொல்கிறாள். மணிரத்னமும் பின்னோக்கித்தான் போகிறார். வித்தியாசம், நந்தினிக்கு அந்த வாய் இல்லை. அவளுக்கு நடந்ததை நாம் பார்க்கிறோம், அவள் சொல்லிக் கேட்பதில்லை.

இதைக் குறையாக மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. கல்கியின் நாவலில் நந்தினியின் பால்யம் எப்படி நம்மிடம் வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். மாமல்லபுரத்தில் பார்த்திபேந்திரனிடம் கரிகாலன் சொல்லும் கதையாக வருகிறது. அந்தப் பகுதியில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பே 'நஞ்சினும் கொடியாள்'. கொஞ்சம் தள்ளி இன்னொன்று, 'மாய மோகினி'. பதின்வயதுப் பெண் ஊரைவிட்டு விலக்கப்பட்ட கதையைப் படிக்கும் முன்பே அவள் நஞ்சு என்று நமக்குச் சொல்லியாகிவிடுகிறது. 1950இல் 'கல்கி' இதழில் தொடராக வரத் தொடங்கிய காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக நம் வீட்டுப் பெண்களும் அப்படியே படித்தார்கள். குந்தவை என்று மகளுக்குப் பெயர் வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். நந்தினி என்று வைத்தவர்களும் இந்த நாவலை மனதில் வைத்தா வைத்தார்கள் என்பது சந்தேகம்தான்.

படத்தின் தொடக்கம் அந்தத் தலைப்பைக் கிழித்துப் போடுகிறது. சாரா அர்ஜுன் நடித்த அந்தச் சிறுமியிடம் மோகினியும் இல்லை, நஞ்சும் இல்லை. நேசித்ததைத் தவிர அவள் எதுவும் செய்யவில்லை. கரிகாலனின் நாவிலிருந்து அவள் கதை விடுபட்டுக் கேமராவிடம் வருகிறது. முதல் பாகத்தில் சூழ்ச்சிக்காரியாக நாம் பார்த்த ஐஸ்வர்யா ராயின் முகத்தை இனி அப்படிப் பார்க்க முடிவதில்லை. இது சிறிய காரியமல்ல. இதற்காகவே இந்தப் படத்தை நான் மதிக்கிறேன்.

சிக்கல் அதற்கு அடுத்த அடியில் தொடங்குகிறது. நந்தினி பழிவாங்கப் புறப்பட்டது எதற்காக? காயமடைந்து கிடந்த வீரபாண்டியனின் உயிருக்காக அவள் கெஞ்சினாள், கரிகாலன் அவள் கண்முன்னே அவன் தலையை வெட்டினான். அது முதல் பாகத்திலேயே வந்துவிட்டது. அது ஒரு போர்ச் செயல். சோழ வரலாற்றில் அது பெருமைக்குரிய செயலாகவும் பதிவாகியிருக்கிறது. கரிகாலனின் கல்வெட்டுகள் வீரபாண்டியன் தலைகொண்டவன் என்றுதான் அவனைக் குறிக்கின்றன. அந்தத் தலையைக் கொண்டுவந்து சோழத் தலைநகரில் நாட்டியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. தோற்றவனின் தலையைக் கொய்து ஊருக்குக் காட்டிய ஓர் அரசின் மேல் ஒரு பெண்ணுக்கு வரும் கோபம் அரசியல் கோபம். ஆனால் இரண்டாம் பாகம் காதலையும் விலக்கலையும் முன்னால் வைத்துவிட்டதால், தலை வெட்டியது காதல் கதையின் இடைவேளை போல ஆகிவிடுகிறது. அவன் ஏன் வெட்டினான்? காதலித்தவள் இன்னொருவனின் பக்கத்தில் இருந்ததால். அவள் ஏன் கொதிக்கிறாள்? காதலித்தவனே வெட்டியதால். பாண்டிய நாடு எங்கே போயிற்று?

ரவிதாசனுக்கும் அவன் கூட்டத்துக்கும் இப்படி ஒரு முன்கதை தேவைப்படவில்லை. பாண்டியனின் ஆபத்துதவிகள் என்ற ஒரு சொல் போதும், அவர்கள் கொல்லத் துணிந்ததை நாம் ஏற்றுக்கொள்கிறோம். அந்தக் கூட்டத்தில் பெண்ணாக இருப்பவளுக்கு மட்டும் மனம் உடைந்த காரணம் ஒன்று வேண்டியிருக்கிறது. ஆணின் பகை நாட்டிலிருந்து வரலாம். பெண்ணின் பகை மட்டும் மனதின் புண்ணிலிருந்தோ உடலின் புண்ணிலிருந்தோ வர வேண்டும் என்ற இந்த வழக்கத்தை நம் சினிமா விட்டுக்கொடுப்பதே இல்லை.

கல்கியின் நந்தினி இந்த விஷயத்தில் இன்னும் அடர்த்தியானவள். அவளுக்குக் காதல் புண் உண்டு, ஆனால் அது மட்டுமல்ல. பழையாறையில் அரண்மனைப் பெண்கள் தன்னை எப்படிப் பார்த்தார்கள் என்ற வடு உண்டு, சிங்காதனத்தில் அமரும் ஆசையும் உண்டு. அதிகாரத்தை அதிகாரமாகவே விரும்பும் பெண் நம் புனைகதையில் அபூர்வம். கல்கி அவளைக் கண்டித்துக்கொண்டே எழுதினாலும் அந்த ஆசையை அவளிடமிருந்து பிடுங்கவில்லை. படம் அவள்மேல் இரக்கம் காட்டி, அதற்கு ஈடாக ஆசையை எடுத்துக்கொண்டது.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அனுப்பியது யார் என்பதைவிட, எந்தக் காரணத்துக்காக அனுப்பினார்கள் என்பது முக்கியம். குலம் தெரியாதவள், தகப்பன் பெயர் இல்லாதவள் என்பதுதான் காரணம். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது பழங்கதையாகத் தோன்றாது. 1962 ஆகஸ்ட் 16இல் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, இங்கே பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களுக்குக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் இருந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பன் எடுத்த முடிவே முடிவு. தகப்பன் இறந்திருந்தால்தான் தாய். ஒரு பிறப்புப் பதிவில் எந்த ஆணின் பெயர் இருக்கிறது என்பதை வைத்து ஒரே தெருவில் இரண்டு விதமான வாழ்க்கைகள் இங்கே பிரிந்து போயிருக்கின்றன.

நாவலில் கல்கி இதை எங்கே கொண்டுபோகிறார் என்பதுதான் விசேஷம். ஊமை ராணி மந்தாகினிக்குப் பிறந்தவை இரட்டைக் குழந்தைகள். ஒன்று ஆண், மற்றது பெண். ஆண் குழந்தை செம்பியன் மாதேவியின் பிள்ளையாக அரண்மனைத் தொட்டிலுக்குப் போய் மதுராந்தகத் தேவன் ஆகிறது. பெண் குழந்தை பட்டர் வீட்டுக்குப் போய் ஆழ்வார்க்கடியானின் தங்கையாக வளர்கிறது. செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளையோ பூப்பறிக்கும் சேந்தன் அமுதனாக வளர்ந்து, கடைசியில் முடி சூடுகிறது. ஒரே கருவறையிலிருந்து வந்த இருவரில் தம்பியோ அண்ணனோ, அவனுக்குச் சோழ நாடே காத்திருக்கிறது. அவளுக்குக் குலமில்லை என்று ஊரைவிட்டு வெளியே வழி காட்டுகிறார்கள். கல்கி இதைப் பெண்ணியம் என்று நினைத்து எழுதியிருக்க மாட்டார். ஒரு மர்ம முடிச்சாகத்தான் போட்டிருப்பார். ஆனால் அந்த முடிச்சு அவிழும்போது, நந்தினியைத் துரத்திய காரணமே பொய் என்று வெளிப்படுகிறது. குலம் என்பது யாரோ ஒருவர் குழந்தையைத் தூக்கி எந்தத் தொட்டிலில் வைத்தார் என்பதுதான்.

படம் இந்த இரட்டையை விட்டுவிட்டது. ரகுமான் நடித்த மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் சொந்த மகனாகவே இருந்து, அருண்மொழி விட்டுக்கொடுக்க, அரசனாகிறான். இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் கதையை அடக்க இந்தக் குறுக்கல் தேவைப்பட்டிருக்கலாம். புரிகிறது. ஆனால் குலம் தெரியாதவள் என்ற தீர்ப்போடு தொடங்கும் படம், அந்தத் தீர்ப்பைத் திருப்பிக் கேள்வி கேட்கும் ஒரே இடத்தை இழந்துவிட்டது. நந்தினிக்கு இறுதியில் கிடைப்பது ஒரு தகப்பன் பெயர் மட்டும்: வீரபாண்டியன். அவள் இளவரசிதான் என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் உண்மையிலேயே குலமற்ற ஒரு பெண்ணாக அவள் இருந்திருந்தால் அரண்மனை செய்தது சரியா?

தாயையும் மகளையும் ஐஸ்வர்யா ராயே நடித்திருக்கிறார். அதனால் ஒரே முகத்துக்கு இரண்டு தலைமுறைகளில் ஒரே காரியம் நடப்பதைக் காண்கிறோம். தீவில் சுந்தர சோழனை நேசித்தவள் கைவிடப்பட்டாள். அவன் மகனை நேசித்தவள் துரத்தப்பட்டாள். தாய் அந்தக் குடும்பத்துக்குக் காவல் தெய்வமாகி, அரசனுக்கு வந்த ஆயுதத்தைத் தன்மேல் வாங்கிச் சாகிறாள். அவளுக்குப் படம் தலை வணங்குகிறது. அவளால் பேச முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். பேசக்கூடிய மகளைப் படம் நீருக்குள் அனுப்பிவிடுகிறது. நாவலில் கல்கி நந்தினியின் சாவைக் காட்டுவதில்லை. பழுவேட்டரையரிடம் விடைபெற்றுக் குதிரையேறிப் போய்விடுகிறாள். வில்லியாகக் காட்டியவர் உயிரோடு போகவிட்டார், பரிவோடு காட்டியவர் மூழ்கடித்தார்.

அதற்கு முன்னால் கடம்பூர். நாவலில் கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி இருட்டிலேயே வைத்தார். படத்தில் விளக்கு எரிகிறது. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் நிற்கும் அந்தக் காட்சி மிக நன்றாக நடிக்கப்பட்டிருக்கிறது. அரங்கம் மூச்சு விடவில்லை. ஆனால் என்ன நடக்கிறது? சாகத்தான் வந்திருக்கிறேன் என்று தெரிந்தே அவன் வந்திருக்கிறான். அவளால் முடியவில்லை. சாவு அவனுடைய முடிவாக, அவனுடைய பிராயச்சித்தமாக ஆகிவிடுகிறது. தொடக்கத்தில் அவளை விலக்கியது அவன் வீட்டார் எடுத்த முடிவு. இறுதியில் அவள் பழியையும் அவனே எடுத்துக்கொள்கிறான். இரண்டு முறையும் அவளிடம் கேட்கவில்லை.

நந்தினி கற்பனைப் பாத்திரம். கரிகாலன் கொலை கற்பனையல்ல. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில், ராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம் என்று பேருந்து மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று கொலைகாரர்களின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய சொத்துகளோடு உறவினர் சொத்துகளையும் பறித்த ஆணை அது. மனைவியர், பிள்ளைகள், தகப்பனோடு பிறந்தவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. அதில் ஒரு தாயின் பெயரும் வருகிறது, பெரிய நங்கைச் சாணி. கொலையில் அவளுக்குப் பங்கு இருந்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை. ஒருவனைப் பெற்றவள் என்பதற்காக அவளுடையதும் போயிற்று.