இரண்டாவது ஓட்டத்துக்காகக் கட்டப்படும் வண்டி

2002 அக்டோபர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பானவில் உப்புச் சமவெளிக்கு ஒரு டாட்ஜ் டகோட்டா பிக்கப் வந்து சேர்ந்தது. பந்தய வண்டிகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவருவதுதான் அங்கே வழக்கம். இந்த வண்டி தெற்கு கலிஃபோர்னியாவிலிருந்து நெடுஞ்சாலையில் தானே ஓடி வந்தது; தனக்கான துணை டிரெய்லரையும் தானே இழுத்து வந்தது. கேல் பேங்க்ஸ் குழு கட்டிய வண்டி. ஓட்டியவர் டான் அலெக்சாண்டர். பானெட்டுக்குள் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின், 735 குதிரைத்திறன். உப்பின் மேல் அது அதிகபட்சமாக மணிக்கு 222 மைல் தொட்டது. சாதனையாகப் பதிவானது 217 மைல். நம் கணக்கில் ஏறக்குறைய 350 கி.மீ.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கிற 5 மைலைப் புரிந்துகொண்டால் இந்த விளையாட்டே புரிந்துவிடும்.

நிலவேகப் பந்தயத்தில் ஒரே ஒரு முறை பறந்து காட்டினால் யாரும் பெயரைப் புத்தகத்தில் எழுதமாட்டார்கள். இரண்டு முறை ஓடவேண்டும். இரண்டின் சராசரிதான் சாதனை. சர்வதேச விதிப்படி ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையில் திரும்பி ஓடவேண்டும். 1949 முதல் பானவில்லில் 'ஸ்பீட் வீக்' நடத்திவரும் தெற்கு கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் விதி வேறு. முதல் நாள் பழைய சாதனையைத் தாண்டி ஓடவேண்டும். மறுநாள் காலையில் மறுபடி ஓடவேண்டும். ஆகவே இங்கே வண்டி கட்டுகிறவர், 'எவ்வளவு வேகம் போகும்?' என்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. 'அதே வேகம் நாளைக்கும் போகுமா?' என்று கேட்டாகவேண்டும். சின்ன பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டவருக்கு இந்தக் கேள்வி இன்னும் கடினமானது. ஏனென்றால் காற்றுக்கும் உப்புக்கும் இதைவிடப் பொருந்தாத உருவம் அரிது.

காற்று போடும் கணக்கு

பிக்கப்பின் உடலைப் பாருங்கள். முன்னால் உயரமான கேபின். அதன் முதுகு சுவர்போல் செங்குத்தாக முடிகிறது. பின்னால் திறந்த தொட்டி. கேபின் கூரையைத் தாண்டிய காற்று சட்டென்று பிடி விட்டுப்போய், தொட்டிக்குள் சுழன்று, வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. பின்கதவைக் கழற்றிவிட்டால் காற்று நேராகப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பலன் கிடைப்பதில்லை. கதவு மூடியிருந்தால் தொட்டிக்குள் ஒரு சுழல் நிலையாக உட்கார்ந்துகொள்ளும்; மேலே வரும் காற்று அதன் முதுகில் வழுக்கிக் கடந்துவிடும். தொட்டிக்கு மேலே தட்டையான மூடி போட்டால் இன்னும் நல்லது. அதை எந்த வகுப்பு அனுமதிக்கிறது என்று பார்த்துத்தான் போடவேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். சாதாரணச் சின்ன பிக்கப் ஒன்று பானவில் காற்றில் மணிக்கு 160 கி.மீ. போக, காற்றைக் கிழிக்க மட்டும் சுமார் 53 குதிரைத்திறன் போதும். வேகத்தை 320 ஆக்கினால் இரண்டு மடங்கு கேட்காது; எட்டு மடங்கு கேட்கும். சுமார் 424 குதிரைத்திறன். வேகம் இரட்டித்தால் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும் என்பது இயற்பியல். இதில் யாரும் பேரம் பேச முடியாது.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். காற்றுத்தடையில் 20 சதவீதம் குறைத்தால், இன்ஜினைத் தொடாமலே 85 குதிரைத்திறன் கைக்கு வருகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் இன்ஜினுக்கு முன்னால் பாடியில் கை வைக்கிறார்கள். வண்டியைத் தரையோடு தாழ்த்துகிறார்கள். முன்பம்பருக்குக் கீழே தடுப்புத் தகடு கட்டுகிறார்கள். கண்ணாடி, வைப்பர் எல்லாம் கழன்றுபோகும். சக்கரங்களின் மேல் வழவழப்பான வட்டத் தகடுகள் ஏறும். ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும். மொத்தமாகச் சேர்த்தால் ஒரு சின்ன இன்ஜினுக்குச் சமம்.

உப்பு எவ்வளவு பிடிக்கும்?

காற்றை வென்றாலும் உப்பு விடுவதில்லை. தார்ச்சாலையில் கிடைக்கும் பிடிமானத்தில் பாதி அளவுதான் உப்பில் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு மேலே சொன்ன வண்டிக்கே கணக்கைத் தொடர்வோம். மொத்த எடை 1,400 கிலோ. பின்சக்கரங்கள் தாங்குவது அதில் 40 சதவீதம், அதாவது 560 கிலோ. தரையைத் தள்ள அந்தச் சக்கரங்களுக்குக் கிடைக்கும் விசை 280 கிலோ. 320 கி.மீ. வேகத்தில் காற்று எதிர்த்துத் தள்ளுவதோ 363 கிலோ. ஆயிரம் குதிரைத்திறன் இன்ஜினை வைத்தாலும் இந்த வண்டி அந்த வேகத்தைத் தொடாது. அதற்கு முன்பே சக்கரம் வழுக்கி உப்பைச் சுரண்டிக்கொண்டிருக்கும்.

மற்ற மோட்டார் பந்தயங்களில் பெரும்பாலும் எடையைக் குறைக்கப் பணத்தைக் கொட்டுகிறார்கள். உப்பில் எடையை வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள். பின்னச்சுக்கு மேல் 300 கிலோ ஈயக்கட்டியோ இரும்போ வைத்தால் தள்ளுவிசை 430 கிலோவாக உயரும். காற்றை வெல்லலாம். உப்புத் தரையின் உருள்தடையையும் கழித்தால் மிச்சம் கையளவுதான். கூரைக்கு மேல் விரையும் காற்று வண்டியை லேசாகத் தூக்கவும் பார்க்கும். அதுவும் இந்தக் கையளவு மிச்சத்தில்தான் கடிக்கும்.

பளுவை எங்கே வைப்பது?

பிடிமானத்துக்கு எடை பின்னால் வேண்டும். நேராக ஓடுவதற்கு எடை முன்னால் வேண்டும். ஓர் அம்பை நினைத்துக்கொள்ளுங்கள். முனை கனம், வாலில் இறகு. அதனால் நேராகப் பறக்கிறது. வண்டியிலும் எடையின் மையம் முன்னாலும், பக்கக்காற்று தள்ளும் மையம் அதற்குப் பின்னாலும் இருந்தால், லேசாகத் திரும்பினாலும் காற்றே அதை நேராக்கிவிடும். பளுவையெல்லாம் பின்னால் குவித்தால் அம்பைத் தலைகீழாக எய்த கதைதான். பின்சக்கரம் கொஞ்சம் வழுக்கினால் போதும், வால் முன்னால் வந்துவிடும். உப்பில் வண்டிகள் சுழன்று நிற்பதற்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று.

இந்த இடத்தில்தான் கட்டுமானக்காரரின் மூளை தெரிகிறது. பளுவைப் பின்னச்சுக்குப் பின்னால் தொங்கவிடாமல், அதற்கு முன்னால், சேஸுக்கு நடுவே, தரையை ஒட்டி வைக்கிறார்கள். ஓர் ஓட்டம் முடிந்ததும் டயர் சுவட்டைக் குனிந்து பார்த்து, ஒரு கட்டியை எடுக்கிறார்கள், ஒன்றைச் சேர்க்கிறார்கள். அந்தக் கண்ணோடு டகோட்டாவைத் திரும்பப் பார்த்தால் ஒன்று புரியும். அந்த டீசல் இன்ஜின் மட்டும் ஏறக்குறைய அரை டன். தார் வளைவுகளில் அவ்வளவு கனமான மூக்கு பெரும் பாரம். உப்பில் அதே கனம் அம்பின் முனையாகிவிடுகிறது. டீசலைத் தேர்ந்தெடுத்தது வெறும் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. இந்த நிலத்துக்கு அது ஒத்துப்போன தேர்வு.

மெல்லிய காற்று, நீளமான கியர்

பானவில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் வெயிலில் அங்கே காற்று இன்னும் மெலிந்துபோகும். டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்கு மூச்சை இழக்கும். ஆனால் எதிர்க்கும் காற்றும் அதே அளவு மெலிகிறது. டர்போ வைத்த வண்டிக்கு இது இரட்டை லாபம்: இழந்த காற்றை டர்போ திணித்துக் கொடுத்துவிடும், வெளியே தடையும் குறைந்திருக்கும்.

அடுத்தது பின்னச்சில் இருக்கும் கிரவுன்-பினியன் கியர். சரக்கு இழுக்கவென்று கம்பெனி போட்ட 4.10 விகிதத்தோடு 28 அங்குல டயரில் 320 கி.மீ. போகவேண்டுமென்றால், டாப் கியர் நேர் விகிதமாக இருக்கும் வண்டியின் இன்ஜின் நிமிடத்துக்கு 9,800 சுற்று சுற்றவேண்டும். சாதாரண இன்ஜின் அதற்கு முன்பே சிதறிவிடும். 2.73 போட்டால் 6,500 சுற்று போதும். சக்கரம் 10 சதவீதம் வழுக்கும் என்று சேர்த்தால் 7,200 அருகில் வரும். வழுக்கலைக் கணக்கில் எடுக்காமல் கியர் போட்டவர், காகிதத்தில் சாதனை செய்துவிட்டுக் களத்தில் தவிப்பார். இவ்வளவு நீளமான கியரில் வண்டி நின்ற இடத்திலிருந்து எளிதில் கிளம்பாது. அதனால் பின்னாலிருந்து இன்னொரு வண்டி தள்ளிவிடுவது அங்கே அன்றாடக் காட்சி.

விதிப்புத்தகம் என்னும் பயிற்சியாளர்

சின்ன பிக்கப்புக்கென்று தனி வகுப்புகள் உண்டு. இன்ஜின் அளவு, டர்போ உண்டா இல்லையா, பெட்ரோலா வேறு எரிபொருளா, பாடியில் எவ்வளவு மாற்றம் என்று வகுப்புகள் கிளை கிளையாகப் பிரிகின்றன. எந்த வகுப்பின் சாதனை நம் கைக்கு எட்டும் என்று முதலில் படித்துவிட்டுத்தான் வெல்டிங்கைத் தொடவேண்டும். முதலில் கட்டிவிட்டுப் பிறகு வகுப்பைத் தேடியவர்கள், பக்கத்து வகுப்பின் பெரிய வண்டிகளோடு மோதித் தோற்றிருக்கிறார்கள்.

ஓட்டுநருக்கும் ஏணி உண்டு. புதியவர் வந்ததும் 200 மைல் போகமுடியாது. 125, 150, 175 என்று ஒவ்வொரு படியிலும் கட்டுப்பாடாக ஓடிக் காட்டி உரிமம் வாங்கவேண்டும். உருள்கூண்டு, தீயணைப்பு அமைப்பு, கழுத்தைக் காக்கும் பட்டை, பாராசூட் எல்லாவற்றையும் பரிசோதகர்கள் தொட்டுப் பார்க்கிறார்கள். முழுக் கவச உடையில் பெல்ட் கட்டி உட்கார்ந்த ஓட்டுநர், தானாக எல்லாவற்றையும் அவிழ்த்து வெளியே வந்து காட்டவேண்டும். இதைத் தொந்தரவு என்று சலித்துக்கொள்கிறவரை நான் விளையாட்டுக்காரர் என்று சொல்லமாட்டேன். அடுத்த ஓட்டம் ஓட ஆள் உயிரோடு இருக்கவேண்டும். அதற்குத்தான் அந்தப் பக்கங்கள்.

நான்கு மணி நேரம்

முதல் ஓட்டத்தில் பழைய சாதனையைத் தாண்டிய வண்டி நேராகக் காவல் வளாகத்துக்குப் போகிறது. அங்கே கை வைக்க நான்கு மணி நேரம்தான். இந்தப் பந்தயத்தின் உச்சக்காட்சி எனக்கு இதுதான். சக்கரக் குழிக்குள் உப்பு கெட்டியாக அப்பிக்கிடக்கும். அதைச் சுரண்டி எடுத்தால்தான் பிரேக் குழாய் கண்ணுக்குத் தெரியும். டயரை விரலால் தடவி வெட்டுக்காயம் தேடுகிறார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்து எரிபொருள் சரியாகப் போனதா என்று முடிவு செய்கிறார்கள். கடைசிச் சொட்டுவரை இன்ஜினைப் பிழிந்து முதல் ஓட்டம் ஓடியவருக்கு அந்த நான்கு மணி நேரம் போதாது. கொஞ்சம் கையிருப்பு வைத்து ஓடியவருக்கு அது தாராளம்.

மறுநாள் விடியலில் அதே வண்டி, அதே ஆள். ஆனால் உப்பு வேறு. இரவின் ஈரத்தில் மேற்பரப்பு மாறியிருக்கும். குளிர்காற்று இன்ஜினுக்கு நல்லது, ஆனால் எதிர்க்கவும் செய்யும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மெதுவாக அழுத்தினால் சக்கரம் வழுக்காது என்பதை இருக்கையின் அதிர்விலிருந்தே கண்டுகொள்ளவேண்டும். ஜெயித்தால் பரிசுப் பணம் கிடையாது. வேகம் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு, சாதனைப் பட்டியலில் ஒரு வரி. 200 மைலுக்கு மேல் சாதனை என்றால், அப்படிச் சாதித்தவர்களின் மன்றம் தரும் சிவப்புத் தொப்பி. அதற்காக மனிதர்கள் வருடக்கணக்கில் கராஜில் உட்கார்ந்து உழைக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மரியாதை பெருகுகிறது.

நிலம் மெலிகிறது

கவலையையும் சொல்லியாகவேண்டும். மழைநீர் தேங்கியதாலும் உப்பு கெட்டதாலும் 2014, 2015, 2022 ஆண்டுகளில் ஸ்பீட் வீக் நடக்கவில்லை. உப்புப் படலம் முன்பிருந்ததைவிட மெலிந்துவிட்டது. பக்கத்தில் பொட்டாஷ் எடுக்கும் சுரங்கத்தின் பங்கு பற்றிப் பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. 1997 முதல் சில ஆண்டுகள் உப்புநீரைச் சமவெளிக்குத் திரும்ப இறைத்துப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் 13 மைல் நீண்ட தடம் இப்போது வெகுவாகச் சுருங்கிவிட்டது. இந்த அடி முதலில் விழுவது சின்ன வண்டிகள் மேல். குறைந்த திறனோடு மெதுவாக வேகம் சேர்க்கிறவருக்குத் தூரம்தான் மூலதனம். தடம் குறைந்தால் அவர் அதிக திறனைத் தேடுவார், மெலிந்த உப்பு அந்தத் திறனைத் தாங்காது, சக்கரம் சுழலும். உப்பைத் திரும்பக் கொடுக்கும் வேலையை எப்போதோ செய்யும் தொண்டாகப் பார்க்காமல், வருடாவருடம் நடக்கவேண்டிய கடமையாக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டகோட்டாவின் 222 மைல், அந்த வண்டியால் என்ன முடியும் என்று சொன்னது. 217 மைல், அந்த வண்டியை நம்பலாம் என்று சொன்னது. புதிதாகப் பிக்கப் கட்ட உட்காரும் எவரும் சுவரில் எழுதி ஒட்டவேண்டியது இந்தச் சின்ன எண்ணைத்தான்.