படியேறும் உடல்: சில குறிப்புகள்

தமிழில் 'படி' என்பது வெறும் கட்டடச் சொல் அல்ல. 'அவன் வீட்டுப் படியேற மாட்டேன்' என்றால் உறவு முறிந்தது. 'கோர்ட்டுப் படியேறிட்டான்' என்றால் வழக்குத் தொடங்கியது. 'படி தாண்டாதவள்' என்றால் பெண்ணுடலுக்குப் போட்ட எல்லை. கோயில் படியில் கால் வைத்ததற்காக அடிபட்டவர்களின் வரலாறு நம்முடையது. யார் ஏறலாம், யார் கீழே நின்று கூப்பிட வேண்டும் என்பதைப் படி நெடுங்காலமாகத் தீர்மானித்து வந்திருக்கிறது. ஆனால் சிமெண்டுப் படி என்று வந்ததும் அது அரசியலற்ற வஸ்துவாகி, மேஸ்திரி சமாச்சாரமாகிவிடுகிறது. பேச வேண்டியது இந்த மௌனத்தைப் பற்றித்தான்.

வாழப்பாடியில் ஒரு அலுவலகம். பெயர் வேண்டாம், எந்த ஊரிலும் இருக்கக்கூடியதுதான். மாடியில் இயங்குகிறது. சேகோ மில்லில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். சிறுவயதில் போலியோ வந்தவர், காலில் காலிப்பர். படி செங்குத்து, கைப்பிடி இல்லை. "அண்ணா, இருங்க. நாலு பேரைக் கூப்பிடறேன், தூக்கிரலாம்" என்றான் அங்கிருந்த பையன், அன்பாகத்தான். நண்பர் சிரித்தார். "நாலு பேரு தூக்கறதுக்கு இன்னும் நாள் கெடக்குது தம்பி. சாரைக் கீழ வரச் சொல்லு." சார் வரவில்லை. நண்பர் படியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பின்புறம் தேய்த்து ஏறினார். பையனுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். கட்டடத்துக்கு மட்டும் ஒன்றுமில்லை.

ஒவ்வொரு படிக்கட்டும் ஓர் உடலைக் கற்பனை செய்துகொண்டுதான் கட்டப்படுகிறது. 1675-இல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிளோந்தெல் ஒரு சூத்திரம் சொன்னார்: படியின் உயரத்தை இரட்டித்து, அகலத்தைக் கூட்டினால் ஒரு மனித எட்டு வரவேண்டும். யாருடைய எட்டு? லெ கொர்பூசியே தன் 'மாடுலர்' அளவுமுறைக்கு எடுத்துக்கொண்ட மனிதன் ஆறடி உயர ஆண். கிழவி இல்லை, கர்ப்பிணி இல்லை, கோலூன்றுபவர் இல்லை. ஃபூக்கோ சொல்லும் 'இயல்பு' இப்படித்தான் கான்கிரீட்டில் வார்க்கப்படுகிறது. அளவுக்கு ஒத்துவராத உடல் 'குறையுடைய' உடலாகிறது. குறை அளவில் இருக்கலாம் என்று யாரும் கேட்பதில்லை.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு வீட்டுப் படி 19 செ.மீ. வரை உயரலாம், கால் வைக்கும் இடம் 25 செ.மீ. போதும் என்கிறது. பொதுக் கட்டடத்துக்கு உயரம் 15-க்கு மேல் போகக்கூடாது, இடம் 30 வேண்டும். பத்தடி மாடியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு அளவில் 16 படி, நாலு மீட்டருக்குள் முடிந்துவிடும். பொது அளவில் 20 படி, ஆறு மீட்டரை நெருங்கும். மெயின்ரோட்டில் அந்த இரண்டு மீட்டர் ஒரு கடை. செங்குத்துப் படி அறியாமையால் வருவதில்லை, வாடகையால் வருகிறது. 1:12 சரிவுப் பாதை போடலாமே என்றால் அதே மாடிக்கு 36 மீட்டர் நீளம் வேண்டும். ஆகவே நேர்மையான பதில் இரண்டே: லிஃப்ட் வையுங்கள், அல்லது அலுவலகத்தைக் கீழே இறக்குங்கள்.

கைப்பிடியோ இதைவிட மலிவு, ஆனாலும் முதலில் வெட்டப்படுவது அதுதான். "அது ஃபினிஷிங்ல பாத்துக்கலாம்" என்பார் காண்ட்ராக்டர். அணுகுதல் நெறிமுறைகள் இருபுறமும், இரண்டு உயரங்களில், கை சுற்றிப் பிடிக்கும் உருண்டைக் குழாயாக, முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் அப்பால் 30 செ.மீ. நீண்டிருக்க வேண்டும் என்கின்றன. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. பக்கவாதத்தில் வலதுகை போனவர் இடப்புறம் பிடித்து ஏறிவிடுவார். இறங்கும்போது அதே பிடி வலப்புறம் வந்துவிடும். அந்த நீண்ட 30 செ.மீ. பார்வையற்றவருக்குப் படி முடிந்ததைக் கையால் சொல்லும் மொழி.

சட்டம் என்ன செய்தது? 1995-இன் சட்டம் 'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' என்று நழுவியது. 2016-இன் சட்டம் 44-ஆம் பிரிவில், அணுகுதல் விதியைப் பின்பற்றாத கட்டடத்துக்கு அனுமதியும் இல்லை, நிறைவுச் சான்றும் இல்லை என்றது. பழைய பொதுக் கட்டடங்களை மாற்ற ஐந்து ஆண்டு கெடு. விதிகள் வந்தது 2017 ஜூன், கெடு முடிந்தது 2022 ஜூன். ஆனால் விதியோ அளவுகளை 'வழிகாட்டு நெறி' என்று அழைத்தது. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இந்த முரணைத்தான் பிடித்தது. சட்டம் கட்டாயம் என்கிறது, விதி சிபாரிசு என்கிறது. ஆகவே 15(1) விதி சட்டத்துக்குப் புறம்பானது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கவும் ஆணையிட்டது. 'வேண்டும்' என்பதற்கும் 'வேண்டுமானால்' என்பதற்கும் நடுவில் எத்தனை பேர் தேய்ந்து ஏறியிருப்பார்கள்!

2010-இல் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை நீக்கி 'மாற்றுத் திறனாளி' என்றது. இழிசொல்லை மாற்றியது சரிதான். ஆனால் 'ஹரிஜன்' என்று பெயர் வைத்துவிட்டுக் கிணற்றை அப்படியே விட்ட கதை நமக்குத் தெரியும். சாதியும் ஊனமும் ஒன்றல்ல. சாதியில் கதவை அடைக்க ஆள் வேண்டும், இங்கே ஆளே வேண்டாம், படியே போதும்.

1990 மார்ச் 12 அன்று வாஷிங்டனில் சுமார் 60 பேர் சக்கர நாற்காலிகளை விட்டிறங்கி நாடாளுமன்றப் படிகளில் ஊர்ந்து ஏறினார்கள். அந்த ஜூலையில் அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம் கையெழுத்தானது. அங்கே ஊர்வது போராட்டமாகத் தெரிந்தது. வாழப்பாடியில் ஊர்வது அன்றாடம், அதனால் கண்ணில் படுவதில்லை. நம் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள், தோழர்களே. இலக்கியச் சந்திப்போ, கட்சி வகுப்போ, மாடி ஹால்தானே? வாடகை குறைவு. நண்பர் ஏன் வருவதில்லை என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை.

தூக்கிவிடும் கை நல்ல கைதான். ஆனால் அதற்குக் காத்திருக்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும். சுவரில் பதித்த ஒண்ணேமுக்கால் அங்குலக் குழாய்க்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.