மெழுகில் நிற்கும் மெட்டுகள்

படப்பை சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊரும்போது, இம்மி பிசகாத உதிரிபாகங்களின் உலகம் இது என்று தோன்றும். கிதாரும் அதில் சேர்ந்தாயிற்று; சென்னைக்கு அருகே யமஹா ஆலையிலேயே செய்கிறார்கள். குறை சொல்லவில்லை. கற்றுக்கொள்ள வரும் பிள்ளைக்கு அது வரம்தான். என் மனசு என்னவோ தஞ்சாவூர் வீணைக்குத் தாவிவிடுகிறது.

அங்கே பல குடும்பங்களுக்கு வீடுதான் பட்டறை. பலா மரத்தைக் குடைந்து குடம் எடுக்கிறார்கள். குடமும் அதன் கழுத்தான தண்டியும் ஒரே மரத்தில் அமைந்தால் ஏகாந்த வீணை, விலையும் ஏறும்.

நான் ரசிப்பது மேளம் கட்டுவதை, அதாவது வீணையில் மெட்டுகளைப் பதிப்பதை. கிதாரில் மெட்டுக்கம்பியை அளந்த இடத்தில் அடித்து இறக்கினால் வேலை முடிந்தது. வீணையில் தேன்மெழுகும் கரியும் கலந்த கறுப்புச் சாந்தின்மேல் 24 பித்தளை மெட்டுகள். கைவினைஞர் தந்தியை மீட்டுவார், காது கொடுப்பார், மெட்டை மயிரிழை தள்ளி அழுத்துவார், மறுபடி மீட்டுவார். அளவுகோல் கூடவே இருக்கும். கடைசித் தீர்ப்பு காதுக்குத்தான். வெயிலிலும் புழக்கத்திலும் மெழுகு தளரும். அப்போது திரும்பவும் கட்ட வேண்டும்.

2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீட்டைவிட வேலை வருவதுதான் பட்டறைக்கு முக்கியம். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் வீணை கிடந்தால், ஷோகேஸில் வைக்காமல் மேளம் கட்டக் கொடுங்கள்.