திறந்த உலகமும் மூடிய வண்டியும்

"ஏனுங் மாமா, விளையாடிப் பாக்காமலே வையறீங்களே, இது நாயமுங்களா?" என்று கேட்டான் என் தமக்கை மகன்.

போத்தனூர்ச் சந்திப்பில் புகைவண்டிகள் தடம் மாறும் ஓசை கேட்கும் தொலைவில் அவன் வீடு. பத்தொன்பது அகவை, தொழில்நுட்பக் கல்லூரி மாணவன். இரவு உணவு முடிந்ததும் கணினியின் முன் அமர்ந்து கையில் கண்ட்ரோலரை எடுத்தானென்றால், பொலிவியா நாட்டுக்குப் போய்விடுகிறான். கொங்கு நாட்டுக்குத் திரும்புவது கோழி கூவும் வேளைக்குத்தான். கடிந்துகொண்டேன். கடிந்துகொண்டதற்குத்தான் அந்தக் கேள்வி.

கேள்வியிலே நியாயம் இருந்தது. ஆராயாமல் கும்பிடுகிறவனைக் கேலி பேசுகிற நாம், ஆராயாமல் பழிக்கலாமோ? உட்கார்ந்தேன். ஒரு நாள் அல்ல. ஏறத்தாழ ஒரு திங்கள், இரவுதோறும் அவனருகே உட்கார்ந்து, அவன் கற்றுக்கொடுக்க, நானும் விளையாடினேன். முதல் வாரம் முழுவதும் மலையிலிருந்து வண்டியோடு உருண்டதைத் தவிர நான் சாதித்தது ஒன்றுமில்லை என்பதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

விளையாட்டின் பெயர் 'கோஸ்ட் ரீகான் வைல்ட்லாண்ட்ஸ்'. யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் பாரிஸ் கலைக்கூடம் உருவாக்கி, 2017 மார்ச்சுத் திங்களில் வெளியிட்டது. 'ஓப்பன் வேர்ல்டு' என்று இவ்வகைக்குப் பெயர். திறந்த உலகம் என்று பொருள். பழைய விளையாட்டுகளில் ஒரு தெரு, ஒரு கதவு, கதவுக்குப் பின் ஒரு பகைவன் என்று வரிசை இருக்கும். இதிலே வரிசை இல்லை. ஒரு நாட்டையே விரித்து வைத்துவிடுகிறார்கள். எந்த மலையிலும் ஏறலாம், எந்த ஆற்றிலும் இறங்கலாம், எந்த வண்டியையும் பறித்து ஓட்டலாம், ஹெலிகாப்டரில் பறந்து குடையில் குதிக்கலாம்.

கதை இது. மெக்சிகோவிலிருந்து வந்த 'சாந்தா பிளாங்கா' என்னும் கொக்கெய்ன் கூட்டம் பொலிவியாவை விழுங்கிவிட்டது. அரசு அதற்கு விலைபோய்விட்டது. அமெரிக்கப் போதைத் தடுப்புத் துறையின் ஒற்றர் ஒருவர் கொல்லப்படுகிறார். பழிக்குப் பழி வாங்க, அமெரிக்கச் சிறப்புப் படையினர் நால்வர் மறைவாக அனுப்பப்படுகின்றனர். அந்த நால்வரில் ஒருவர் நாம்!

குறை சொல்ல வந்தவன் நிறையை மறைத்தால் அது திறனாய்வு ஆகாது. கண்ணுக்கு இது ஒரு விருந்து. உருவாக்கியவர்கள் பொலிவியாவுக்கே சென்று நிலத்தைப் பார்த்து வந்தவர்கள். அந்த உழைப்பு ஒவ்வொரு பாறையிலும் தெரிகிறது. 10,000 சதுரக் கிலோமீட்டருக்கும் மேலாகப் பரந்து கிடக்கும் உயுனி உப்புவெளி, விளையாட்டுக்காகச் சுருக்கப்பட்டிருந்தும் திகைக்க வைக்கிறது. பனிமலையும் அடர்காடும் மழையும் மாலை வெயிலும் மெய்யென்றே மயக்குகின்றன. நண்பர் நால்வர் சேர்ந்து ஆடலாம் என்பது இன்னொரு சிறப்பு. போத்தனூரில் ஒருவன், வெள்ளலூரில் ஒருவன், சுந்தராபுரத்தில் இருவர். இருளில் யார் முன்னே போவது, யார் பின்னே காவல் நிற்பது என்பதுதான் அவர்கள் பேச்சு. யார் வீட்டுத் திண்ணையில் யார் அமரலாம் என்று அளந்து பார்த்த ஊர்களின் பிள்ளைகள் இவர்கள்! அந்த இரவுகளில் அவர்களைக் கண்டு மகிழ்ந்தேன்.

பிறகு எங்கே இடிக்கிறது?

ஓர் இரவு, ஊர் ஒன்றை நெருங்கினோம். மருமகன் ட்ரோன் ஒன்றைப் பறக்கவிட்டான். மேலிருந்து பார்த்தது அது; பார்க்கப் பார்க்க மனிதர்கள் புள்ளிகளாயினர். புள்ளி விழுந்தவன் பகைவன், சுடலாம். புள்ளி விழாதவன் ஊரான், சுடக்கூடாது. சுட்டால், குடிமக்களைக் கொன்றதாக எச்சரிக்கை வரும். பலரைச் சுட்டால் ஆட்டம் கலையும். 'பாருங் மாமா, எத்தனை ஒழுங்கு!' என்பது போல மருமகன் என்னைப் பார்த்தான். ஒழுங்குதான். ஆனால், புள்ளி வைத்தது யார்? எந்த விசாரணையில்? அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. சுடப்பட்ட உடல்களும் சற்று நேரத்தில் மறைந்துவிடுகின்றன. அழுவதற்கு ஒரு தாய் வருவதில்லை. எடுத்துப் புதைக்க ஊரார் வருவதில்லை.

அடுத்து, மூட்டைகள். ஊர்களில் உணவும் மருந்தும் எரிபொருளும் குவிந்திருக்கும். அவற்றின் மீது நாம் அடையாளம் இட வேண்டும். இட்டால், போராடும் மக்களுக்கு அவை போய்ச் சேருமாம். நல்ல செயலாயிற்றே என்று நானும் அடையாளம் இட்டுக்கொண்டே போனேன். பிறகுதான் கணக்குத் தெரிந்தது. இட்ட அடையாளத்துக்கு ஈடாக நம் படைவீரனின் திறமை ஏறுகிறது! குறி பிசகாமல் சுடவும், ட்ரோனை நெடுந்தொலைவு பறக்கவிடவும் அந்த உணவும் மருந்தும்தான் விலை. பசித்தவன் வயிற்றுக்குப் போன சோறு, நம் துப்பாக்கிக்குக் கூர்மையாக வந்து சேர்கிறது. சோறு உண்ட பொலிவியனை ஒரு முறையேனும் காட்டினார்களா? இல்லை. எண் ஏறியதைக் காட்டினார்கள்.

இதுதான் இந்தத் திறந்த உலகத்தின் மூடிய இடம். கால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். வாய் எதையும் கேட்க முடியாது. கோக்கா பயிரிடும் உழவனைக் கண்டால், "ஏன் ஐயா இதைப் பயிரிடுகிறீர்?" என்று கேட்க வழியில்லை. கூட்டத்தின் தலைவன் ஒருவனைப் பிடித்துக் கழுத்தை நெரித்துக் கேட்கத்தான் வழி உண்டு. மேலிடத்திலிருந்து ஆணை வந்தால், "இந்த நாட்டில் எனக்கென்ன வேலை?" என்று மறுக்கவும் முடியாது.

கேட்க முடிந்திருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்? கோக்கா இலை வேறு, அதிலிருந்து வடிக்கும் கொக்கெய்ன் வேறு. ஆண்டீஸ் மலைமக்கள் அந்த இலையை நூற்றாண்டுகளாக மென்று வருகின்றனர். அந்த வழக்கத்தை ஒழிக்கச் சொன்ன 1961ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையிலிருந்து பொலிவியா வெளியேறி, இலை மெல்லும் உரிமையை விலக்காகப் பெற்ற பின்னரே 2013இல் மீண்டும் சேர்ந்தது. அமெரிக்கப் போதைத் தடுப்புத் துறையையோ, மக்கள் தேர்ந்தெடுத்த அரசு 2008இல் 'வெளியே போ' என்றது. 2009 தொடக்கத்தில் அது மூட்டை கட்டியது. உண்மையில் வெளியேற்றப்பட்ட துறை, விளையாட்டிலே தியாகியாகத் திரும்பி வருகிறது! வாசல் வழியே அனுப்பப்பட்டவர் கணினி வழியே நுழைகிறார்.

இன்னும் ஒன்று. விளையாட்டில் போராடும் மக்களின் படைக்கு 'கத்தாரிஸ் 26' என்று பெயர். துப்பாக் கத்தாரி யார் தெரியுமா, தோழர்களே? அய்மாரா மக்களைத் திரட்டி 1781இல் லா பாஸ் நகரை முற்றுகையிட்டவர். ஸ்பானிய ஆட்சி அவரைப் பிடித்து உடலை நான்காகப் பிளந்து கொன்றது. அவருடன் நின்று படை நடத்திய துணைவி பார்த்தோலினா சீசாவையும் அடுத்த ஆண்டு கொன்றது. 2013இல் ஏவிய தம் செயற்கைக்கோளுக்குப் பொலிவியர் அவர் பெயரைத்தான் வைத்தனர். அந்தப் பெயரைத் தாங்கிய படை, இந்த விளையாட்டில் அயல்நாட்டார் நால்வர் வந்து வழிகாட்டும் வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது. நமக்கு இது உறைக்க வேண்டுமானால் இப்படி எண்ணிப் பாருங்கள். 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் பெயரை ஒரு படைக்கு வைத்து, அந்தப் படையை மீட்க இலண்டனிலிருந்து நான்கு வெள்ளைச் சிப்பாய்கள் வந்தார்கள் என்று ஒருவன் கதை கட்டினால், ஓடாநிலைக்காரர் பொறுப்பாரா?

பொலிவியரும் பொறுக்கவில்லை. 2017இல் அவர்களது அரசு பிரெஞ்சுத் தூதரகத்திடம் முறையிட்டது. நிறுவனமோ, இது கற்பனை. நிலத்தின் அழகையும் பண்பாட்டின் வளத்தையும் கண்டே பொலிவியாவைத் தேர்ந்தோம் என்று விளக்கம் தந்தது. கற்பனைக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கற்பனை என்றால் நாட்டின் பெயரையும் கற்பனை செய்திருக்கலாமே! பெயர் மெய், மலை மெய், உப்பு மெய், உடை மெய். மக்களின் வரலாறு மட்டும் பொய்யா?

அந்த வரலாற்றில் ஓர் ஏட்டைப் புரட்டினால் கோவைக்காரருக்குத் தூக்கம் வராது. பொலிவியாவின் கொச்சபாம்பா நகரில் குடிநீர் வழங்கும் உரிமை 1999இல் தனியாரிடம் போயிற்று, கட்டணம் ஏறிற்று. உழவரும் தொழிலாளரும் மாணவரும் தெருவுக்கு வந்தனர். 2000 ஏப்ரலில் அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. விக்டர் ஊகோ தாசா என்னும் 17 வயது மாணவன் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்ட படை அதிகாரியை இராணுவ நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. ஆனால் மக்கள் ஓயவில்லை, ஒப்பந்தம் கிழிந்தது. எல் ஆல்டோ நகரிலும் அதே போராட்டம். அங்கே 1997 முதல் குடிநீர் வழங்கி வந்தது பிரெஞ்சு நிறுவனமான சுயஸ் தலைமையிலான கூட்டு. இணைப்புக் கட்டணம் ஏழைக்கு எட்டவில்லை என்று 2005இல் மக்கள் கிளர்ந்தனர். 2007இல் நிறுவனம் வெளியேறியது. அதே சுயஸுடன்தான் 2018இல் நம் கோவை மாநகராட்சி, 26 ஆண்டுகளுக்கு, 3,000 கோடி ரூபாய்க்கும் மேலான குடிநீர் ஒப்பந்தம் செய்தது. இது தனியார்மயம் அல்ல என்று மாநகராட்சி விளக்கியது. எதிர்ப்புக் கூட்டங்களும் நடந்தன. எது சரி என்பதைத் தனியே பேசலாம். நான் சொல்ல வந்தது இதுதான்: ஒரு திங்கள் பொலிவியாவில் திரிந்த என் மருமகனுக்கு, அந்த நாட்டு மக்களுக்கும் தன் ஊர்க் குழாய்க்கும் உள்ள இந்த உறவு தெரியாது. 21 வட்டாரங்கள் தெரியும், கொல்ல வேண்டிய தலைவர்களின் பெயரெல்லாம் தெரியும், விக்டரைத் தெரியாது.

"அப்படியானால் தடை செய்ய வேண்டியதுதானே?" என்பார் சிலர். தடையின் அழகைப் பார்த்தோமே! 2020 செப்டம்பரில் 'பப்ஜி'யை மைய அரசு தடை செய்தது. வன்முறைக்காக அல்ல, நாட்டின் பாதுகாப்பைச் சொல்லி. அடுத்த ஆண்டே பெயரில் இந்தியாவைச் சேர்த்துக்கொண்டு, இரத்தத்தின் நிறத்தைப் பச்சையாக்கிக்கொண்டு, அதன் உடன்பிறப்பு வந்து சேர்ந்தது. சிவப்பு பச்சையாயிற்று, தீர்ந்தது வன்முறை! சினிமா வந்தபோதும் இளைஞர் கெட்டார்கள் என்று புலம்பினர்; நாவல் வந்தபோதும் புலம்பினர். விளையாடட்டும். கேள்வி கேட்டுக்கொண்டே விளையாடட்டும்.

மருமகனிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். "எங்கியோ பொலிவியா, மாமா. நமக்கென்னங்க?" என்றான்.

சன்னலைத் திறந்தேன். சந்திப்பின் விளக்குகள் தெரிந்தன.

"கண்ணு, அங்கே ஒரு வண்டி வந்து நின்றது தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றான். 1862இல் புகைவண்டி வந்த ஊர் என்பது வரையில் அவன் பள்ளியிலேயே படித்தவன். 1921 அவனுக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு மலபாரில் மாப்பிள்ளைமாரின் கிளர்ச்சி. அதன் நிறைகுறைகளை வரலாற்றார் வழக்காடிக்கொண்டிருக்கட்டும். கிளர்ச்சியில் கொடுமைகளும் நடந்தன, மறைக்க வேண்டியதில்லை. நவம்பரில், பிடிபட்டவர்களில் ஏறத்தாழ 100 பேரைத் திரூர் நிலையத்தில் ஒரு மூடிய வண்டிக்குள் அடைத்தனர். ஆள் ஏறும் பெட்டி அல்ல, சரக்குப் பெட்டி. காற்றுத் துளைகளில் இருந்த கம்பிவலை, வண்ணப் பூச்சாலும் தூசியாலும் அடைபட்டிருந்தது. உள்ளே காற்றில்லை, நீரில்லை. கத்தினர், சுவரை இடித்தனர். வழியில் நிலையங்கள் வந்தன, கதவு திறக்கவில்லை. திறந்தது போத்தனூரில்தான். உள்ளே பிணக்குவியல். பின்னர் மாண்டவர்களையும் சேர்த்து 70 பேர் அளவில் இறந்தனர். உடல்கள் திரூருக்கே திருப்பி அனுப்பப்பட்டன. விசாரணைக் குழு அமைந்தது. காவலுக்கு வந்த சார்ஜண்ட் மீது வழக்கு நடந்தது, விடுதலையானார். திரூர் நிலையச் சுவரில் அந்தக் காட்சியை ஓவியமாக வரைந்திருந்தனர். 2018இல் எதிர்ப்பு எழுந்ததும் இரயில்வே துறை அதையும் அழித்துவிட்டது.

"அவங்கெல்லாம் யாருங் மாமா?" என்று கேட்டான்.

"ஏற்றியவன் ஏட்டில் 'கலகக்காரர்' என்று எழுதியிருந்தது. நீ ட்ரோனில் வைக்கிறாயே, அந்தப் புள்ளி. அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. அவர்களில் உழவர் உண்டு, கூலிகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு."

நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு கண்ட்ரோலரை எடுத்தான். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது ஆட்டம்: மலைச்சரிவில் ஓர் ஊர், மண்சுவர் வீடு ஒன்று, சன்னலில் விளக்கு. ட்ரோனை அவன் பறக்கவிடவில்லை. துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு அந்த வீட்டை நோக்கி நடந்தான்.

"என்ன செய்கிறாய்?" என்றேன்.

"கதவத் தட்டிப் பாக்கறனுங் மாமா. யாரு இருக்காங்கன்னு."

ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தான். ஒன்று குனிய வைத்தது. ஒன்று குண்டு வீசச் சொன்னது. ஒன்று படத்தை விரித்தது. தட்டுவதற்குப் பொத்தான் இல்லை.