அக்ரகார வீடு கடையாதல்: சேலம் முதல் அக்ரகாரத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

சேலத்தின் பழைய நகர்ப்பகுதியில் உள்ள முதல் அக்ரகாரம் இன்று வணிகத் தெருவாகும். பெயர் குடியிருப்பைச் சுட்ட, பயன்பாடு கடைவீதிக்குரியதாகிவிட்டது. இம்மாற்றத்தை மரபின் அழிவு என்று மட்டும் கொள்வது பொருந்தாது.

அக்ரகார வீடு தெருப்பக்கம் குறுகியும் உட்புறம் நீண்டும் அமைவது. பக்கச் சுவர்கள் அண்டை வீடுகளோடு ஒட்டியிருப்பதால் ஒளியும் காற்றும் பெரிதும் முற்றத்தின் வழியாகவே வரும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்னும் வரிசை தெருவிலிருந்து அகத்துக்குப் படிப்படியாக இட்டுச்செல்கிறது. இவ்வரிசை சாதி, பாலின விலக்குகளையும் சுமந்தது. யார் திண்ணையோடு நிற்பது, யார் கூடம்வரை வருவது என்பதை அதுவே வரையறுத்தது.

வீடு கடையாகும்போது நீள்மனை பெரும்பாலும் மாறுவதில்லை. முன்புறம் விற்பனை, பின்புறம் சரக்கறை என்னும் ஒழுங்குக்கு அது எளிதில் இசைகிறது. மாறுவன இரண்டு. திண்ணை அகன்று ஷட்டர் கதவு வருகிறது. முற்றம் மூடப்பட்டு மின்விளக்கு வருகிறது. முன்னது எவரும் நுழையத்தக்க வாயிலைத் தந்தது. பின்னது வெப்பத்தைத் தணிக்கும் கட்டட அறிவை நீக்கியது. இவ்விரண்டையும் பிரித்தறியாத புலம்பலும் வரவேற்பும் ஆய்வாகா.

மரபுக் கட்டடங்களைப் பேணத் தமிழ்நாட்டில் 2012இல் மரபு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. முகப்பழகே அளவுகோலானால், முகப்பிழந்த இத்தகைய வீடுகள் காப்புக்கு வெளியே நின்றுவிடும். எஞ்சிய முற்றங்களையும் சுவர்களையும் தூண்களையும் அளந்து வரைபடமாக்குவதே முதற்பணி. முகப்பை மட்டும் காத்த கடையைவிட, முற்றத்தைத் திறந்து வைத்த கடையே மரபுக்கு நெருக்கமானது.