வாரண்டி புத்தகத்தை ஒரு புத்தகமாக வாசித்தல்

கிளவ் பாக்ஸில் ஐந்து வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு புத்தகத்தை இந்த மாதம் மூன்று தடவை வாசித்தேன். என் மின்சாரக் காரின் வாரண்டி புத்தகம். 2021-ல் வாங்கிய வண்டி. நீட்டித்த வாரண்டி முடியப்போகிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குப் பணம் கட்டினால் தொடரலாம் என்று போன் வந்தது. சுமார் முப்பதாயிரம். கட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் புத்தகத்தை எடுத்தேன். எடுத்தபிறகு, இதைப் பற்றி ஒரு விமர்சனமே எழுதலாம் என்று தோன்றியது. கதைக்கும் கவிதைக்கும் விமர்சனம் எழுதுகிறோம். லட்சக்கணக்கில் பணம் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு பிரதியை யாரும் வாசிப்பதே இல்லை.

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நான் பேசுவது இந்த எழுத்து வகையைப் பற்றி.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் கார் இன்ஜினுக்கு இரண்டு மூன்று வருடம் வாரண்டி கொடுத்தாலே நாம் சந்தோஷப்பட்ட காலம் உண்டு. மின்சாரக் காரின் பேட்டரிக்கு 8 வருடம், 1,60,000 கிலோமீட்டர் என்பது இப்போது இந்தியாவில் சாதாரணமாகக் கிடைக்கிறது. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார் சந்தையைப் பற்றியது. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாதபோது சந்தையே கெட்டுப்போகும், அதைச் சரிக்கட்டும் ஏற்பாடுகளில் ஒன்று உத்தரவாதம் என்றார். அந்த அளவில் இந்தப் புத்தகம் ஒரு நல்ல காரியம்தான்.

பிரச்சினை இரண்டாம் பக்கத்தில் தொடங்குகிறது. "உற்பத்திக் குறைபாட்டுக்கு" உத்தரவாதம் உண்டு. "காலப்போக்கில் இயல்பாகக் குறையும் கொள்ளளவுக்கு" கிடையாது. சரி, இயல்பு எது, குறைபாடு எது? 250 கிலோமீட்டர் ஓடிய வண்டி 190 ஓடினால் அது எந்தப் பக்கம்? இதற்கு என் புத்தகத்தில் பதில் இருக்கிறது: கம்பெனியின் கருவியில், கம்பெனியின் முறைப்படி அளந்து, கம்பெனி முடிவு செய்யும். தராசு, எடைக்கல், கணக்குப் பேனா மூன்றும் கடைக்காரர் கையில். நமக்கு மிஞ்சுவது பை மட்டும்.

ஒரு பார் செய்த வேலை

இது வெறும் புலம்பல் இல்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நிஸான் லீஃப் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு எதுவும் அதில் கிடையாது. ஆனால் டேஷ்போர்டில் ஒரு நல்ல விஷயம் இருந்தது: பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 பார்கள். எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதற்குத் தனிக் காட்டி, பேட்டரிக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்பதற்குத் தனிக் காட்டி. 2012 கோடையில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் இருந்த உரிமையாளர்களுக்கு அந்தப் பார்கள் ஒன்றொன்றாக அணைந்தன. போட்டோ எடுத்தார்கள், ஒப்பிட்டுப் பார்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். அந்த வருடம் டிசம்பரிலேயே நிஸான் கொள்ளளவுக்கென்று தனி வாரண்டி அறிவித்தது: 5 வருடம் அல்லது 60,000 மைலுக்குள் 9 பாருக்குக் கீழே போனால் சரிசெய்து தருகிறோம் என்று.

இதில் என்னை யோசிக்க வைத்தது வழக்கு இல்லை, அந்தப் பார். உரிமையாளர்கள் கண்ணுக்குத் தெரிந்த ஒரு எண் இருந்ததால்தான் சண்டை போட முடிந்தது. என் வண்டியில் அப்படி ஒரு பார் கிடையாது. மீதி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டும். அது நான் நேற்று எப்படி ஓட்டினேன், ஏசி போட்டேனா என்பதை வைத்துப் போடும் மதிப்பீடு. அதைக் கொண்டுபோய் "பேட்டரி குறைந்துவிட்டது" என்று யாரிடமும் வாதாட முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 2023-ல் வந்த அவர்களுடைய பேட்டரி சட்டத்தின்படி, பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் தரவுகளை உரிமையாளர் படித்துப் பார்க்க வழி விட வேண்டும். 2024 ஆகஸ்ட் 18 முதல் இது அமலில் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறை மன்றம் 2022-ல் ஏற்ற தொழில்நுட்ப விதி இன்னும் நேரடியாக எண்ணையே சொல்கிறது: கார் பேட்டரி 5 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டரில் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டரில் 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. என் புத்தகத்தில் அந்த 8-ம் 1,60,000-மும் இருக்கின்றன. அந்த 70-ஐத்தான் காணோம்.

நீட்டித்த வாரண்டி எதை நீட்டிக்கிறது?

சர்வீஸ் சென்டரில் நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

"போட்டுருங்க சார், டென்ஷன் இல்லாம இருக்கலாம்."

"பேட்டரிக்குள்ள இருக்கிற கான்டாக்டர் போச்சுன்னா இதுல வருமா?"

"அது பேட்டரி ஐட்டம் சார், பேட்டரி வாரண்டில வரும்."

"அப்போ பேட்டரி வாரண்டில கண்டிப்பா வருமா?"

"அது பார்த்துதான் சார் சொல்லணும்."

அந்தத் தம்பி மேல் தப்பே இல்லை. புத்தகம் சொல்லாததை அவர் எப்படிச் சொல்வார்?

நீட்டித்த வாரண்டி பேட்டரியைத் தொடுவதில்லை. அது ஆன்-போர்டு சார்ஜர், டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர், இன்வெர்ட்டர், ஏசி கம்ப்ரெசர், ஸ்கிரீன் இந்த வகைக்கானது. பிரேக் பேட், டயர், 12 வோல்ட் பேட்டரி எல்லாம் தேய்மானக் கணக்கில் வெளியே. தண்ணீர் புகுந்தால் வெளியே. ஒரு சர்வீஸ் தவறினால் மொத்தமும் வெளியே.

பொறியியல் படித்தவர்களுக்குக் குளியல்தொட்டி வளைவு தெரிந்திருக்கும். எந்தப் பொருளும் பிறந்த புதிதில் கொஞ்சம் அதிகமாகப் பழுதாகும், நடு வயதில் குறையும், வயதானதும் மறுபடி ஏறும். படம் வரைந்தால் குளியல்தொட்டி மாதிரி இருக்கும். இடது ஏற்றத்தை முதல் மூன்று வருட வாரண்டி பார்த்துக்கொள்கிறது. நீட்டித்த வாரண்டியை நமக்கு விற்பது பெரும்பாலும் தொட்டியின் அடித்தட்டுக்கு. வலது ஏற்றம் தொடங்கும் வயதில் பேட்டரி வாரண்டியும் முடிந்துபோகும், நீட்டிப்பும் கிடைக்காது. பயம் எங்கே இருக்கிறதோ அங்கே பாலிசி இல்லை.

கணக்காகப் பார்ப்போம், உதாரணத்துக்குத்தான். கட்டணம் 30,000. ஒரு பெரிய ரிப்பேர் 90,000 என்று வையுங்கள். அந்த இரண்டு வருடத்தில் அப்படி ஒரு பழுது வர மூன்றில் ஒரு வாய்ப்பு இருந்தால்தான் போட்ட பணம் சமமாகும். வந்த பழுதில் பாதிக்கு "இது இதில் வராது சார்" என்று பதில் வரும் என்றால், தேவையான வாய்ப்பு மூன்றில் இரண்டாகிவிடும். காப்பீட்டை லாப நட்டக் கணக்கில் மட்டும் பார்க்கக்கூடாது, திடீர் செலவைத் தாங்க முடியாதவருக்கு அது ஒரு பிடிமானம் என்பதும் உண்மை. ஆனால் பிடிமானம் என்றால் பிடிக்கும்போது கையோடு வரக்கூடாது.

பேட்டரி விலையும் வரியும்

"பேட்டரி விலைதான் வருஷா வருஷம் இறங்குதே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்பார்கள். ப்ளூம்பெர்க் என்.இ.எஃப். கணக்கெடுப்பில் 2024-ல் உலக சராசரி பேட்டரி விலை ஒரு கிலோவாட்-அவருக்கு 115 டாலர். 30 கிலோவாட்-அவர் பேட்டரிக்கு 3,450 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் சுமார் 2.9 லட்சம். ஆனால் அது கம்பெனி மொத்தமாக வாங்கும் விலை. ஸ்பேர் பார்ட்டாக ஒன்றே ஒன்று வாங்குபவருக்கு அது கிடைக்காது. வரியும் நம் பக்கம் இல்லை. 2019 ஆகஸ்டிலிருந்து மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதே லித்தியம் பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18. நாலு லட்ச ரூபாய் பேட்டரி புது வண்டிக்குள் இருந்தால் அதன் பங்குக்கு வரி 20,000, பழைய வண்டிக்கு மாற்றாக வந்தால் 72,000. புதுசு வாங்கு, பழசை ஓட்டாதே என்று வரி அட்டவணையே சொல்கிறது.

இந்தியாவின் முதல் மின்சாரக் கார்களில் ஒன்றான ரேவா 2001-ல் பெங்களூரில் விற்பனைக்கு வந்தது. ஈய-அமில பேட்டரி. ஆயுள் குறைவு, மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் அது எந்தப் பேட்டரி கடைக்காரருக்கும் புரிந்த சரக்கு. லித்தியம் வந்தபிறகு ஆயுளும் தூரமும் கூடின. கூடவே பெட்டி பூட்டப்பட்டது. பூட்டியதற்கு நியாயமும் உண்டு: உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல், தொட்டால் உயிர் போகும்.

எங்கள் சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் நிறைய. மோட்டார் கருகினால் காயில் கட்டிக் கொடுக்கக் கடை இருக்கிறது. அப்படி ஒரு கடையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "பிரிச்சுப் பாக்காம எப்படி அண்ணாச்சி மொத்தமா மாத்தணும்னு சொல்லுதாங்க?" என்றார் அவர். நூற்றுக்கணக்கான செல்களில் நாலு செல் பலவீனமானாலும் முழு பேட்டரியும் சோர்ந்து தெரியும், மாட்யூலை மட்டும் மாற்றினால் போதும் என்கிற சாத்தியம் உண்டு. அதை யார் செய்வார்கள், என்ன விலை, செய்தால் மீதி வாரண்டி நிற்குமா? புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

'லைஃப்டைம்' யாருடைய ஆயுள்?

2024 நவம்பரில் வந்த மகிந்திராவின் பி.ஈ. 6, எக்ஸ்.ஈ.வி. 9ஈ கார்களுக்கும், 2025-ல் டாடாவின் ஹேரியர், கர்வ் போன்ற மின்சாரக் கார்களுக்கும் பேட்டரிக்கு 'லைஃப்டைம்' வாரண்டி என்று அறிவித்தார்கள். வரவேற்க வேண்டிய போட்டி. ஆனால் வாசகனாக இரண்டு சொற்களில் நிற்கிறேன். டாடாவின் ஆயுள் என்பது பதிவு செய்த நாளிலிருந்து 15 வருடம். தனியார் காரின் ஆர்.சி. செல்லும் காலமும் அதுதான். ஆக இது ஆர்.சி. புத்தகத்தின் ஆயுள். இன்னொன்று, இரண்டு கம்பெனியிலும் அந்தச் சலுகை முதல் உரிமையாளருக்கு. வண்டி கை மாறினால் சுருங்கும். அகர்லாஃபை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதம் அதிகம் தேவைப்படுவது பழைய வண்டி வாங்குபவருக்கு. விற்கும் நாளில்தான் அது விலகிக்கொள்கிறது. அந்த நஷ்டம் விற்பவருக்கும் விலைக் குறைவாக வந்து சேரும்.

சட்டம் ஒன்றும் கையை விரித்துவிடவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். குறையை அறிய ஆய்வகச் சோதனைக்கு ஆணையம் அனுப்பலாம். 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றே ஒரு கருத்து அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதை மட்டும் மாவட்டத்தில் கேட்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். எங்களுக்கு அது மதுரைக் கிளை. ஒரு ஷரத்தை எதிர்க்க மாவட்டம் தாண்ட வேண்டும்.

நான் என்ன செய்தேன்? மூன்று கேள்வியை மெயிலில் அனுப்பினேன். ஒன்று, இன்றைய தேதியில் என் பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம், எழுத்தில் வேண்டும். இரண்டு, எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுவீர்கள். மூன்று, வண்டி சங்கரன்கோவிலில் நின்றுவிட்டால் திருநெல்வேலி வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஏற்றிக்கொண்டு போகும் செலவு யாருடையது.

மூன்றாவதுக்கு மட்டும் பதில் வந்தது: என்னுடையது.

அதனால் பணம் கட்டவில்லை. முப்பதாயிரத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன், மாதாமாதம் கொஞ்சம் சேர்க்கிறேன். என் வண்டிக்கு நானே கொடுக்கும் வாரண்டி. மாதம் ஒரு நாள் 100 சதவீதம் சார்ஜ் செய்து, ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஏசி இல்லாமல் ஓட்டி, 20 சதவீதத்துக்கு வரும்வரை எத்தனை கிலோமீட்டர் என்று தேதியோடு எழுதி வைக்கிறேன். டேஷ்போர்டில் இல்லாத அந்தப் பாரை நோட்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். இதை ஆணையம் ஏற்குமா என்பது வேறு விஷயம். பேச உட்காரும்போது என் கையிலும் ஒரு எண் இருக்கும்.

உங்களிடம் பழைய மின்சாரக் கார் இருந்தால் நீங்களும் எழுதி வையுங்கள். வெயிலில் நிறுத்துகிறீர்களா, எப்படி சார்ஜ் போடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து. அரிசோனாக்காரர்கள் ஜெயித்தது ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு வைத்துப் பார்த்ததால்தான். அடுத்த வருடம் என் பன்னிரண்டு எண்களை இங்கே போடுகிறேன்.